பேருந்து அவசர வழியும் பாதுகாப்பு மீளழைப்பும்

பேருந்து அவசர வழி என்பது தீ, மோதல், கவிழ்தல், நீரில் மூழ்குதல் போன்ற வேளைகளில் வழக்கமான படிக்கட்டைப் பயன்படுத்த இயலாதபோது பயணிகள் வெளியேறுவதற்காகப் பேருந்தில் அமைக்கப்படும் கதவு, சன்னல் அல்லது கூரைத் திறப்பு ஆகும். தமிழ்நாட்டுப் பேருந்துகளில் இது "அவசர வழி" என்று சிவப்பு எழுத்தில் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

பாதுகாப்பு மீளழைப்பு என்பது ஒரு வகை வாகனத்தில் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் குறைபாடு இருப்பது தெரியவரும்போது, விற்கப்பட்டுவிட்ட அவ்வகை வாகனங்கள் அனைத்தையும் உற்பத்தியாளர் திரும்ப வரவழைத்துத் தம் செலவில் சரிசெய்து தரும் முறையாகும். செய்தித்தாள்களில் இது "வாகனங்களைத் திரும்பப் பெறுதல்" என்றும் குறிப்பிடப்படுகிறது.

அவசர வழியின் குறைபாட்டை அன்றாட ஓட்டத்தில் அறிய முடியாது. நிறுத்துக்கருவி பழுதானால் ஓட்டுநர் உணர்வார். சக்கரத்தில் காற்று இறங்கினால் வண்டி காட்டிக்கொடுக்கும். அவசரக் கதவின் தாழ் துருப்பிடித்து இறுகியிருப்பது, அதைத் திறக்க வேண்டிய நாள் வரும்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். எனவே இக்குறையை விபத்துக்கு முன்பே கண்டுபிடிக்கும் ஆய்வும், கண்டுபிடித்தபின் அதே வகைப் பேருந்துகள் அனைத்திலும் களையும் மீளழைப்பும் உயிர்காக்கும் ஏற்பாடுகளாகக் கருதப்படுகின்றன.

தேவை

இந்தியாவில் சாலையின் இடப்பக்கமாக வண்டிகள் செல்வதால் பேருந்தின் படிக்கட்டுகள் இடப்பக்கத்தில் அமைகின்றன. பேருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் அப்படிக்கட்டுகள் தரையோடு அழுந்தி மூடிவிடும். அந்நிலையில் வலப்பக்கச் சன்னல்கள் தலைக்கு மேலே கூரைபோல் ஆகின்றன. அவற்றை எட்டி ஏறுவது முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கடினம். முன்கண்ணாடி, பின்கண்ணாடி, கூரைத் திறப்பு ஆகியவையே எளிய வழிகளாக எஞ்சுகின்றன. ஒரே பக்கத்தில் எத்தனை கதவுகள் இருந்தாலும் போதாது என்பதும், வழிகள் இருபக்கமும், பின்புறமும், கூரையிலும் பரவியிருக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

தீ விபத்தில் காலம் மிகக் குறைவு. இருக்கைகளின் நுரைப்பஞ்சு, செயற்கைத் துணி, நெகிழித் தகடுகள், ஒட்டுப்பலகை ஆகியவை எரியும்போது அடர்ந்த நச்சுப்புகை எழுகிறது. தீ நெருங்குவதற்கு முன்பே புகையால் பயணிகள் மயங்கிவிட நேரிடும். அடைத்த சன்னல்களைக் கொண்ட குளிரூட்டப்பட்ட பேருந்துகளில் புகை வெளியேற வழியில்லாததால் இடர் மேலும் கூடுகிறது.

வகைகள்

அவசர வழிகள் பொதுவாக நான்கு வகைப்படும்.

1. அவசரக் கதவு: பேருந்தின் பின்புறத்திலோ வலப்பக்கத்திலோ அமைவது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். மீட்க வருவோர் வெளியிலேயே நிற்பர் என்பதே இதற்குக் காரணம்.

2. தள்ளித் திறக்கும் சன்னல்: மேற்பகுதியில் கீல் பொருத்தப்பட்டு, கைப்பிடியை விடுவித்துத் தள்ளியதும் வெளிநோக்கித் திறப்பது. ஐக்கிய அமெரிக்காவின் நெடுந்தொலைவுப் பேருந்துகளில் மிகுதியாகக் காணப்படுகிறது.

3. உடைத்து வெளியேறும் சன்னல்: கண்ணாடியைச் சிறு சுத்தியலால் உடைத்து வெளியேறுவது. இந்தியாவின் குளிரூட்டப்பட்ட பேருந்துகளில் இவ்வகை பரவலாக உள்ளது.

4. கூரைத் திறப்பு: கூரையில் அமையும் மூடி. பேருந்து பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கும்போது இது நிமிர்ந்த சன்னலைப்போல் ஆகிவிடுவதால் நடந்தே வெளியேற இயலும். பேருந்து நீரில் விழுந்தாலும் பெரிதும் பயன்படும்.

உடைத்து வெளியேறும் சன்னலில் கண்ணாடியின் வகை முதன்மையானது. வெப்பப் பதப்படுத்திய கண்ணாடியின் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். கூரிய முனையால் ஓரிடத்தில் அந்தச் சமநிலையைக் குலைத்தால் கண்ணாடி முழுவதும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். கண்ணாடியின் நடுப்பகுதி சற்று வளைந்துகொடுப்பதால், மூலையை ஒட்டிய பகுதியில் அடித்தலே பயன்தரும். இரு கண்ணாடிகளுக்கிடையே நெகிழிப் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடியோ விரிசல் விட்டாலும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சுத்தியலால் அதில் வழி உண்டாக்குவது எளிதன்று. ஆகவே அவசரச் சன்னலில் தவறான வகைக் கண்ணாடியைப் பொருத்துவது, அச்சன்னலையே இல்லாமற் செய்வதற்கு ஒப்பாகும்.

வடிவமைப்பில் உள்ள முரண்பாடு

அவசர வழிக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரு கடமைகள் உள்ளன. வேண்டும்போது அது சிறுவர் கைக்கும் திறக்க வேண்டும்; வேண்டாதபோது எவ்வளவு குலுங்கினாலும் திறக்கக்கூடாது. பேருந்து உருளும்போது சன்னல் தானாகத் திறந்துகொண்டால் பயணிகள் வெளியே தூக்கி எறியப்பட்டு வண்டிக்கடியில் சிக்குவர். தாழை மிக இறுக்கமாக அமைத்தால் தீயின்போது திறக்க முடியாது. மிகத் தளர்வாக அமைத்தால் ஓடும்போதே திறந்துகொள்ளும். மீளழைப்புக்கு உள்ளாகும் குறைகளும் இவ்விரு எல்லைகளில் ஒன்றை ஒட்டியே பெரும்பாலும் அமைகின்றன.

இதற்காகவே தரநிலைகள் விசையை எண்ணால் வரையறுக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரநிலை 217, "பேருந்து அவசர வழிகளும் சன்னல்கள் பிடித்துநிற்றலும் விடுபடுதலும்" என்னும் பொருளைக் கொண்டது. இது 1973ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் எளிதில் எட்டக்கூடிய இடத்திலுள்ள தாழை விடுவிக்கத் தேவைப்படும் விசை, தாழின் இடத்தையும் இயங்கும் முறையையும் பொறுத்து, 89 நியூட்டன் அல்லது 267 நியூட்டனுக்கு மேற்படக்கூடாது என்று அது கூறுகிறது. 89 நியூட்டன் என்பது ஏறத்தாழ 9 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசையாகும். பள்ளிப் பேருந்தின் அவசரக் கதவுக்கு இவ்வரம்பு 178 நியூட்டன். சன்னல் வழியே வளர்ந்த ஒருவர் வெளியேற இயலுமா என்பதை அறிய, 50 செ.மீ. நீளமும் 33 செ.மீ. அகலமும் கொண்ட நீள்கோள வடிவத்தைத் திறப்பினூடே செலுத்திப் பார்க்கின்றனர்.

ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 107ஆம் ஒழுங்குமுறை பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வழிகளின் எண்ணிக்கையை வரையறுக்கிறது. 31 முதல் 45 பேர் வரை ஏற்றும் பேருந்துக்குக் குறைந்தது 5 வழிகளும், 46 முதல் 60 பேர் வரை ஏற்றும் பேருந்துக்கு 6 வழிகளும் தேவை. வழக்கமான படிக்கட்டு வாயில்களும் இக்கணக்கில் சேரும்.

காரோல்டன் விபத்து

அவசர வழி குறித்த விதிகளை மாற்றியமைத்த நிகழ்வுகளுள் ஒன்று, 1988 மே 14 அன்று ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் காரோல்டன் என்னும் ஊருக்கருகே நிகழ்ந்தது. முன்பு பள்ளிப் பேருந்தாக இருந்து, பின்னர்த் தேவாலயம் ஒன்றால் பயன்படுத்தப்பட்ட பேருந்து, கேளிக்கைப் பூங்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. மது அருந்திய ஒருவர் தவறான திசையில் ஓட்டிவந்த சிறு சரக்குந்து அதன்மீது மோதியது. பேருந்தின் முன்கதவு பயனற்றுப்போக, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பற்றியது. பேருந்தில் இருந்த 67 பேருக்கும் பின்புற அவசரக் கதவு ஒன்றே வழியாக எஞ்சியது. 27 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். அவர்கள் மோதலால் அன்றித் தீயாலும் புகையாலுமே இறந்தனர் என்பது விசாரணையில் தெரியவந்தது.

இதன் விளைவாக 1992ஆம் ஆண்டு தரநிலை 217 திருத்தப்பட்டு, பள்ளிப் பேருந்துகளில் இருக்கை எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் அவசர வழிகள் கட்டாயமாக்கப்பட்டன. கென்டக்கி மாநிலம் மேலும் ஒருபடி சென்று, பள்ளிப் பேருந்தில் முன்கதவு, பின்கதவு, பக்கக் கதவு, நான்கு சன்னல்கள், இரண்டு கூரைத் திறப்புகள் என மொத்தம் 9 வழிகள் இருக்க வேண்டும் என்று விதித்தது.

வழிகளை அமைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதை 2014 ஏப்ரல் 10 அன்று கலிபோர்னியாவின் ஓர்லண்டு அருகே நிகழ்ந்த விபத்து காட்டியது. சரக்குந்து ஒன்று சுற்றுலாப் பேருந்தின்மீது மோதித் தீப்பற்றியதில் இரு ஓட்டுநர்கள் உட்பட 10 பேர் இறந்தனர். பயணிகள் சன்னல்களைக் கண்டறிவதிலும் திறந்து வைத்துக்கொள்வதிலும் இடர்ப்பட்டனர். அவசர ஒளி அமைப்பும் இரண்டாவது கதவும் வேண்டும் என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.

மீளழைப்பு நடைபெறும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் சட்டம் மீளழைப்புக்கு அடிப்படையாகும். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் இதைச் செயற்படுத்துகிறது. அங்கு மீளழைப்புக்கு இரு காரணங்கள் உண்டு. வாகனம் தரநிலையின் ஏதேனும் ஒரு விதிக்கு இணங்காமை முதலாவது. தரநிலையில் சொல்லப்படாவிடினும் பாதுகாப்புக்கு ஊறான குறைபாடு இருத்தல் இரண்டாவது. முதற்காரணத்தில், யாரேனும் காயமடைந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எழுத்தின் உயரம் குறைந்த அறிவிப்புப் பலகைகூட மீளழைப்புக்குக் காரணமாகலாம்.

நடைமுறை பின்வருமாறு அமையும்.

1. உற்பத்தியாளரின் சோதனை, உரிமையாளர் முறையீடு, அரசின் சோதனை ஆகியவற்றுள் ஒன்றால் குறை தெரியவருதல்.
2. குறை உறுதியானதும் 5 வேலைநாட்களுக்குள் உற்பத்தியாளர் அரசு நிருவாகத்துக்கு அறிவித்தல்.
3. அக்குறை உள்ள வாகனங்களை அடையாள எண்களைக் கொண்டு இனங்காணுதல்.
4. அரசுக்கு அறிவித்த 60 நாட்களுக்குள் உரிமையாளர்களுக்கு மடல் அனுப்புதல்.
5. கட்டணமின்றிப் பழுதுநீக்குதல், உறுப்பை மாற்றுதல் அல்லது வாகனத்தையே மாற்றித் தருதல்.
6. எத்தனை வாகனங்கள் சரிசெய்யப்பட்டன என்று காலாண்டுதோறும் அறிக்கை அளித்தல்.

அவசர வழி தொடர்பான மீளழைப்புகளில் காணப்படும் குறைகளைக் கீழ்வருமாறு தொகுக்கலாம்.

- தாழை விடுவிக்க வரம்பை மீறிய விசை தேவைப்படுதல்.
- திறந்த சன்னல் அல்லது கதவு திறந்த நிலையில் நில்லாமை.
- அவசரக் கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டால் ஓட்டுநரை எச்சரிக்கும் ஒலி எழாமை.
- இருக்கையோ கைப்பிடியோ திறப்பை மறைத்தல்.
- அறிவிப்பு எழுத்துகளும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகளும் இல்லாமை அல்லது தவறான இடத்தில் இருத்தல்.
- ஓடும்போது கதவோ கூரை மூடியோ தானாகத் திறந்துகொள்ளுதல்.

இவற்றுட் சில அற்பமானவைபோல் தோன்றும். ஆனால் இருட்டிலும் புகையிலும் வழியைக் காட்டுவது அறிவிப்பே ஆதலால், எழுத்துக் குறையும் பாதுகாப்புக் குறையாகவே கொள்ளப்படுகிறது.

இந்தியாவில் மீளழைப்புச் சட்டம்

இந்தியாவில் 2012 சூலையில் இந்திய மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம் தன்னார்வ மீளழைப்பு நெறிமுறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. அது சட்டக் கட்டாயம் அன்று. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனங்கள் திருத்தச் சட்டம் 1988ஆம் ஆண்டின் முதன்மைச் சட்டத்தில் 110அ என்னும் பிரிவைச் சேர்த்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணிகள், பிற சாலைப் பயனாளர் ஆகியோருக்கோ தீங்கு விளைவிக்கும் குறைபாடு ஒரு வகை வாகனத்தில் இருந்தால், அவ்வகை வாகனங்களை மீளழைக்குமாறு ஒன்றிய அரசு ஆணையிடலாம். குறை ஓர் உறுப்பில் இருப்பின், அவ்வுறுப்பைக் கொண்ட எல்லா வாகனங்களையும், அவை எவ்வகையின எனினும், மீளழைக்க ஆணையிடலாம்.

இதைச் செயற்படுத்தும் விதி 2021 மார்ச்சு மாதம் அறிவிக்கப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்விதி 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்குப் பொருந்தும். கட்டாய மீளழைப்பில் வாகனங்களின் வகை, எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து 10 இலட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை உற்பத்தியாளர் செலுத்த நேரிடும். குறையைத் தாமே கண்டு அறிவித்து மீளழைக்கும் உற்பத்தியாளருக்கு இத்தண்டத்தொகை இல்லை. உண்மையை மறைப்பதைவிடச் சொல்வதே இலாபம் என்னும் நிலையை உருவாக்குவது இதன் நோக்கம்.

பேருந்து, சரக்குந்து போன்ற பெரிய வாகனங்களில், ஆண்டு விற்பனையின் 3 விழுக்காட்டு அளவுக்கு உரிமையாளர் முறையீடுகள் வந்தால் விசாரணை தொடங்கும். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 1000 பேருந்துகள் விற்கப்படும் வகையில் 30 முறையீடுகள் தேவை. இங்கு ஒரு சிக்கல் உள்ளது. முறையிட வேண்டியவர் பேருந்தின் உரிமையாளர். அவசர வழி தேவைப்படுபவரோ பயணச்சீட்டு வாங்கி ஏறியவர். மேலும், ஒருமுறையும் திறக்கப்படாத கதவைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. எனினும் சட்டம் உரிமையாளர் முறையீட்டை மட்டும் வழியாகக் கொள்ளவில்லை. சோதனை நிறுவனம் ஒன்றோ வேறு எந்த மூலமோ குறையைத் தெரிவித்தாலும் நடவடிக்கை எடுக்கலாம். அவசர வழியைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் வழியே பொருத்தமானது.

சேசிஸ், கூண்டு, பொறுப்பு

மகிழுந்தை ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்து விற்கிறது. இந்தியப் பேருந்துகளில் பெரும்பகுதி அவ்வாறன்று. ஒரு நிறுவனம் பொறி, சக்கரங்கள், சட்டம் ஆகியவை அடங்கிய சேசிஸை விற்கிறது. அதை வாங்கியவர் மற்றொரு பட்டறையில் கூண்டு கட்டிக்கொள்கிறார். தமிழ்நாட்டில் கரூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அவசரக் கதவு, சன்னல், கூரைத் திறப்பு ஆகிய அனைத்தும் கூண்டின் உறுப்புகள். எனவே அவசர வழியில் குறை இருப்பின் அதற்குச் சேசிஸ் உற்பத்தியாளரை எளிதில் பொறுப்பாக்க இயலாது. கூண்டு கட்டியவரோ சிறு தொழில்முனைவோராக இருக்கலாம். ஒரே பட்டறையில் கட்டப்பட்ட இரு கூண்டுகள்கூட வாங்குபவரின் விருப்பப்படி மாறுபடுவதும் உண்டு. "ஒரே வகை வாகனங்கள்" என்பதை அடிப்படையாகக் கொண்ட மீளழைப்பு முறை இங்குத் தடுமாறுகிறது.

இச்சிக்கலுக்குத் தீர்வாகவே ஏ.ஐ.எஸ். 052 எனப்படும் பேருந்துக் கூண்டு வடிவமைப்பு, ஒப்புதல் ஆகியவற்றுக்கான நெறிமுறை வகுக்கப்பட்டது. இது பேருந்துகளை நகரப் பேருந்து, புறநகர் ஊர்களிடை ஓடும் பேருந்து, நெடுந்தொலைவுப் பேருந்து, சிறப்புப் பயன்பாட்டுப் பேருந்து என நான்காக வகுத்து, கதவு, சன்னல், இருக்கை, அவசர வழி ஆகியவற்றுக்கான அளவுகளைக் கூறுகிறது. பள்ளிப் பேருந்துகளுக்கு ஏ.ஐ.எஸ். 063, படுக்கை வசதிப் பேருந்துகளுக்கு ஏ.ஐ.எஸ். 119 எனத் தனித் தரநிலைகள் உள்ளன. புனேயிலுள்ள மத்தியச் சாலைப் போக்குவரத்து நிறுவனம், சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் முதலியவை சோதனை நிறுவனங்களாகச் செயற்படுகின்றன.

ஒப்புதல் பெற்ற வடிவத்தை உரிமையாளர் பின்னர் மாற்றிவிடுவது மற்றொரு சிக்கல். அவசரக் கதவுக்கு முன்னால் கூடுதல் இருக்கை போடுதல், அவ்விடத்தில் சரக்கு மூட்டைகளை அடுக்குதல், திருட்டுக்கு அஞ்சிக் கதவைச் சங்கிலியால் பூட்டுதல், படுக்கையைச் சன்னலுக்குக் குறுக்கே அமைத்தல் ஆகியவை இத்தகையவை. இவை உற்பத்திக் குறைகள் அல்ல. எந்த மீளழைப்பாலும் இவற்றைச் சரிசெய்ய இயலாது. இவற்றுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019இல் சேர்க்கப்பட்ட 182அ பிரிவும் பொருந்தும். முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் தண்டமோ, 6 மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம்.

இந்தியாவில் சில விபத்துகள்

- 2011 சூன்: சென்னையிலிருந்து சென்ற ஆம்னி பேருந்து வேலூர் மாவட்டம் காவேரிப்பாக்கம் அருகே கவிழ்ந்து தீப்பிடித்ததில் 22 பேர் உயிரிழந்தனர்.

- 2013 அக்டோபர் 30: பெங்களூரிலிருந்து ஐதராபாத்து சென்ற குளிரூட்டப்பட்ட பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்தது. 45 பேர் உயிரிழந்தனர்.

- 2013 நவம்பர் 14: பெங்களூரிலிருந்து மும்பை நோக்கிச் சென்ற பேருந்து கர்நாடக மாநிலம் ஆவேரி மாவட்டத்தில் தீப்பிடித்ததில் 7 பேர் உயிரிழந்தனர்.

- 2023 சூலை 1: நாக்பூரிலிருந்து புனே சென்ற பேருந்து மகாராட்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில் இடப்பக்கமாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. கதவு தரையோடு அடைபட்டது. 25 பேர் உயிரிழந்தனர். உயிர் தப்பியோரிற் சிலர் கண்ணாடியை உடைத்து வெளியேறினர்.

- 2025 அக்டோபர் 14: ஜெய்சால்மரிலிருந்து ஜோத்பூர் சென்ற பேருந்தில் தீப்பிடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

- 2025 அக்டோபர் 24: ஐதராபாத்திலிருந்து பெங்களூர் சென்ற படுக்கை வசதிப் பேருந்து, ஆந்திர மாநிலம் கர்நூல் அருகே மோட்டார் சைக்கிள் ஒன்றின்மீது மோதித் தீப்பிடித்ததில் 19 பயணிகள் உயிரிழந்தனர்.

இவை அனைத்தும் நெடுந்தொலைவுப் பேருந்துகள். பாலெம், ஆவேரி, புல்டாணா, கர்நூல் விபத்துகள் பயணிகள் உறங்கும் பின்னிரவு அல்லது அதிகாலைப் பொழுதில் நிகழ்ந்தவை. உறக்கத்திலிருந்து விழிப்பவர் இருளில் சுத்தியலைத் தேடி, சரியான கண்ணாடியைக் கண்டு, சரியான இடத்தில் அடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. அவசர வழியோடு, தீயை முன்னரே உணர்ந்து அணைக்கும் கருவிகளும் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றதற்கு இதுவே காரணம். இதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 135 ஆகும்.

தமிழ்நாட்டு நிலை

தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளிலும் வெளியூர்ப் பேருந்துகளிலும் முன்படி, பின்படி என இடப்பக்கம் இரு வாயில்கள் அமைவது வழக்கம். சன்னல்கள் திறந்திருப்பதால் புகை எளிதில் வெளியேறும். ஆனால் பயணிகள் கையையும் தலையையும் நீட்டாதிருக்கப் பொருத்தப்படும் குறுக்குக் கம்பிகள் சன்னல் வழியே வெளியேறுவதைத் தடுக்கக்கூடும். குளிரூட்டப்பட்ட பேருந்துகளில் கம்பிகள் இல்லை. எனினும் கண்ணாடி நிலையாக மூடியிருக்கும். எனவே முதல்வகைப் பேருந்தில் அவசரக் கதவும் இரண்டாம் வகையில் கண்ணாடியும் சுத்தியலும் உயிர்நாடியாகின்றன.

கடலூர் மாவட்டத்திலுள்ள சேத்தியாத்தோப்பு இவ்விருவகைப் பேருந்துகளும் சந்திக்கும் ஊர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. விக்கிரவாண்டியிலிருந்து வடலூர், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 36, விருத்தாசலம் – புவனகிரிச் சாலையை இவ்வூரில் சந்திக்கிறது. இந்நெடுஞ்சாலையை நான்குவழியாக்கும் திட்டமே விக்கிரவாண்டி – சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு – சோழபுரம், சோழபுரம் – தஞ்சாவூர் என்று பகுக்கப்பட்டது. விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் செல்லும் குறுந்தொலைவுப் பேருந்துகளும், சென்னைக்கும் தஞ்சாவூர்ப் பகுதிக்கும் இடையே ஓடும் நெடுந்தொலைவுப் பேருந்துகளும் இவ்வழியே செல்கின்றன. வெள்ளாறும் பாசன வாய்க்கால்களும் வீராணம் ஏரியும் உள்ள இத்தகைய பகுதிகளில், தீக்கு மட்டுமன்றி நீருக்கும் அவசர வழி தேவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பள்ளிப் பேருந்துகளைப் பொறுத்தவரை, 2012 சூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தது பெரும் திருப்பமாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே தமிழ்நாடு மோட்டார் வாகனங்கள் (பள்ளிப் பேருந்துகளை முறைப்படுத்துதல், கட்டுப்படுத்துதல்) சிறப்பு விதிகள் வெளியிடப்பட்டன. கோடை விடுமுறையில், பள்ளிகள் திறக்கும் முன்பு, மாவட்டந்தோறும் பள்ளிப் பேருந்துகள் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டு ஆய்வு செய்யப்படுகின்றன. அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், தரைப்பலகை, படிக்கட்டின் உயரம் முதலியவை பார்க்கப்படுகின்றன. குறையுள்ள பேருந்துகள் சரிசெய்து காட்டப்படும்வரை இயக்க அனுமதிக்கப்படுவதில்லை.

ஆய்வும் மீளழைப்பும் ஒன்றல்ல

தகுதிச் சான்று ஆய்வு ஒரு தனி வண்டியைப் பார்க்கிறது. மீளழைப்பு ஒரு வடிவமைப்பைப் பார்க்கிறது. புதிய போக்குவரத்து வாகனத்துக்கு முதலில் 2 ஆண்டுகளுக்கும், 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுகிறது. ஓர் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரு பேருந்தின் அவசரக் கதவு திறக்கவில்லை என்று கண்டால், அந்தப் பேருந்து சரிசெய்யப்படும். ஆனால் அதே பட்டறையில் அதே தாழோடு கட்டப்பட்ட பிற பேருந்துகள் வேறு மாவட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும். தனித்தனி ஆய்வுகளில் கண்ட குறைகளை ஒன்றுதிரட்டி, எந்த வடிவத்தில் எக்குறை மீண்டும் மீண்டும் வருகிறது என்று பார்த்தால் மட்டுமே அது மீளழைப்பாக மாறும். மீளழைப்பு முறையின் ஆற்றல் இந்தத் தொகுப்பிலேயே உள்ளது.

மறுபுறம், மீளழைப்பு மட்டுமே போதும் என்று கொள்வதும் தவறு. நன்கு வடிவமைக்கப்பட்ட கதவும் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாவிட்டால் துருவேறும். வடிவமைப்பு, உற்பத்தி, பராமரிப்பு, பயன்பாடு ஆகிய நான்கில் முதலிரண்டின் குறையை மீளழைப்பும், பின்னிரண்டின் குறையை ஆய்வும் களைய வேண்டும்.

பயணிகள் அறிய வேண்டியவை

- ஏறி அமர்ந்ததும் தம் இருக்கைக்கு அருகிலுள்ள இரு அவசர வழிகளைப் பார்த்துக்கொள்ளுதல். ஒன்று அடைபட்டால் மற்றொன்று உதவும். படுக்கை வசதிப் பேருந்தில், உறங்குமுன் அவ்வழிக்கு இடையே எத்தனை படுக்கைகள் உள்ளன என்று எண்ணி வைத்தல் புகையில் தடவிச் செல்ல உதவும்.
- சுத்தியல் அதற்குரிய இடத்தில் உள்ளதா என்று பார்த்தல். இல்லையெனில் நடத்துநரிடமோ ஓட்டுநரிடமோ கேட்டல்.
- கண்ணாடியின் மூலையை ஒட்டி அடித்தல், நடுவில் அடிக்காதிருத்தல்.
- புகை சூழ்ந்தால் குனிந்து செல்லுதல். உடைமைகளை எடுக்கத் திரும்பாதிருத்தல்.
- அவசரக் கதவின் முன் பைகளையோ மூட்டைகளையோ வைக்காதிருத்தல்.
- கதவு பூட்டப்பட்டோ மறைக்கப்பட்டோ இருந்தால், வண்டியின் பதிவெண்ணோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்தல். ஒரு பயணியின் முறையீடு மீளழைப்புக்கான விழுக்காட்டுக் கணக்கில் சேராவிட்டாலும், அந்த வண்டியை ஆய்வுக்கு உட்படுத்தப் பயன்படும்.